கஞ்சி போச்சு, காப்ஸ்யூல் வந்துச்சு

சிம்பாங் ரெங்கம்காரன் என்று வெளியூரில் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு "உள்ளேயா, வெளியேயா?" என்ற கேள்வி வரும். விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்துவைக்க வழிசெய்த 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் புண்ணியத்தில் எங்கள் ஊர்த் தடுப்பு முகாமுக்குக் கிடைத்த புகழ் அது. நாங்கள் வெளியே இருந்தவர்கள். வெளியே என்றால் கித்தாக் காடு, செம்பனைக் காடு, கொஞ்சம் தள்ளிப் போனால் அன்னாசிக் காடு. ரயில் நிலையம் உள்ள ரெங்கம் வேறு ஊர். எங்களுக்கு வாய்த்தது சடக்கு மட்டும்.

இப்போது ஊரே 'உள்ளே' என்ன நடக்கிறது என்றுதான் பேசுகிறது. சிறையைப் பற்றியல்ல, குடலைப் பற்றி. காலையில் தாமான் திடலைச் சுற்றி நடக்க வருகிறவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்களும் லோரி ஓட்டியவர்களும், முன்பெல்லாம் அரசியல் பேசுவார்கள். இன்று நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று அதற்குள்ளும் கட்சி பிரித்துவிட்டார்கள். மருந்துக் கடையில் விட்டமின் டப்பிகள் கீழ்த்தட்டுக்கு இறங்கி, கண் மட்டத்தில் புரோபயாட்டிக் காப்ஸ்யூல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு காப்ஸ்யூலில் எத்தனை கோடி உயிர் இருக்கிறது என்று டப்பியிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக்கூடக் கிராணி அவ்வளவு சரியாக எழுதியதில்லை.

ஜோகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் என் அண்ணன் மகள், ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கையோடு பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றையும் கொண்டுவந்தாள். ராத்திரி சோற்றை அதில் போட்டாள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றினாள். மூடியைத் தளர்த்தி வைத்து, செல்பேசியில் படமும் எடுத்துக்கொண்டாள். எண்பதைத் தாண்டிய என் அம்மா நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அது?"

"ஃபெர்மென்டட் ரைஸ் பாட்டி. குடலுக்கு ரொம்ப நல்லது. சென்னையில ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே ஆராய்ச்சி பண்றாங்க."

மறுநாள் காலை அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"இது பழைய சோறுலா. இதத் திங்கக் கூடாதுன்னுதானம்மா உங்கப்பனப் படிக்க வெச்சேன்."

அம்மா சொன்னதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் லயத்தில் விடியற்காலை நாலரைக்கு அடுப்பு எரியும். கறுப்புக் கோப்பி மட்டும்தான் சூடு. மற்றதெல்லாம் நேற்றையது. மண்சட்டியில் ஊறிய சோற்றைப் பிழிந்து அம்மா தூக்குச் சட்டியில் அடைத்துக்கொள்வார். வடித்த நீராகாரத்தில் கல்லுப்பைப் போட்டு, எனாமல் கோப்பையில் எங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும். பெரட்டு முடிந்து, மரம் சீவி, பால் எடுக்க மணி அடிக்கும் வரை கிடைக்கிற இடைவெளிதான் அம்மாவுக்குப் பசியாறும் நேரம். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன். பால்மரத்து வேரில் குந்துவார். விரல்களில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூல் நூலாக உரித்துச் சுருட்டி எறிவார். சின்ன வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்து ஒரே குத்து. சுட்ட நெத்திலி இரண்டு, பச்சை மிளகாய் ஒன்று. சோற்றை அள்ளி வாயில் போடுவதற்கும் கொசுவை அடிப்பதற்கும் இரண்டு கைகளும் சரியாக இருக்கும். அதை ஆரோக்கியம் என்று யாரும் நினைக்கவில்லை. பட்டணத்திலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் ரொட்டியில் கயா தடவிக் கொண்டுவருவார்கள். எங்கள் வாயில் நீராகார வாடை அடிக்குமோ என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினோம்.

அந்த வாடைக்குத்தான் இன்று மரியாதை. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாக மாறுகிறது. அது பெருங்குடல் வரை போய், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடாகிறது. அவை அதை நொதிக்க வைத்து பியூட்ரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் முக்கியமாக அந்த பியூட்ரேட்டை எரித்துத்தான் பிழைக்கின்றன. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. புளிப்பு அவற்றின் வேலை. ஆக, அம்மா தனக்கு மட்டும் சமைக்கவில்லை. உள்ளே இருந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய லயத்துக்கே சமைத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால், "நம்ம புள்ளைங்களுக்கே பத்தல, இதுல அதுங்களுக்கு வேறயா?" என்று கேட்டிருப்பார்.

கறிக்கும் இதே கதைதான். சம்பள நாளுக்கு மறுநாள் ஆட்டிறைச்சி, அடுத்த வாரம் கருவாடு, மாதக் கடைசியில் கீரை. மாதக் கடைசி பெரும்பாலும் பத்தாம் தேதியே தொடங்கிவிடும். லயத்து வாசலில் முருங்கை, வேலியோரம் பசலை, ஆற்றங்கரையில் பாக்கு என்னும் பெரணிக் கொழுந்து, அல்லூரில் கங்குங். மரவள்ளியின் கிழங்கும் எங்களுக்கே, கொழுந்தும் எங்களுக்கே. பயறு, தட்டை, மொச்சை என்று மளிகைக் கடையில் மலிவாகக் கிடைத்ததெல்லாம் குழம்பில் விழுந்தது. பக்கத்துக் கம்பத்து ஜாவாக்கார நேனே ஒருவர் வாழை இலையில் பொதிந்த தெம்பேயைச் சைக்கிளில் கொண்டுவருவார். அம்மா அதைப் புளிக்குழம்பில் போடுவார். சோயாவில் ஜாவாக்காரர்கள் வளர்த்த பூஞ்சணமும் எங்கள் புதுக்கோட்டைக்காரர்களின் புளியும் எந்தத் தடையும் இல்லாமல் ஒரே சட்டியில் சேர்ந்தன. தேசிய ஒற்றுமைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பிறகு எந்த மேடையிலும் பார்க்கவில்லை.

இன்று ஊரில் கீரைக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்க்கிழமையானாலும் சனிக்கிழமையானாலும் எங்கோ ஒரு பசார் மாலாம் இருக்கும், கட்டுக்கட்டாகக் கிடைக்கும். வாங்கத்தான் ஆளில்லை. தாமான் வீடுகளின் முன்புறம் முழுக்க சிமெண்டு பூசி இரண்டு கார் நிறுத்தியிருக்கிறோம். முருங்கை வைத்தால் இலை கொட்டும், கார் அழுக்காகும். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தேவையான அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்றது. அதே ஆய்வில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் மிக அதிகம், 31.4 விழுக்காடு. மேடைகளில் எந்தத் துறையிலும் நாம் முதலிடத்தில் இல்லையே என்று அங்கலாய்க்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

மலத்தைப் பற்றி நாகரிகமான மனிதர்கள் பேசுவதில்லை. ஆனால் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர் பேசினார். உகாண்டாவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். கிராமத்து ஆப்பிரிக்கர்களின் உணவு குடலைச் சீக்கிரம் கடக்கிறது, மலமும் எடை கூடுதலாக வருகிறது என்பதை எடை போட்டே காட்டி, 1972இல் சகாக்களோடு கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பியர்கள் நார்ச்சத்தைச் சலித்து எறிந்துவிட்டு, அதனால் வந்த நோய்களுக்கு மருத்துவமனை கட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். எங்கள் லயத்துக் கோடியில் வரிசையாக நின்ற தகரக் கக்கூசுகளை அவர் பார்த்திருந்தால், ஆராய்ச்சியைச் சிம்பாங் ரெங்கத்திலேயே முடித்திருப்பார்.

அந்தத் தகரக் கதவுகளின் பெருமை தெரிய வேண்டுமானால் பேதி நாளில் வந்து பார்த்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் பாட்டிமார் எல்லாரும் கூடிப் பேசி ஒரு நாளைக் குறிப்பார்கள். அன்று விடிவதற்கு முன் பிள்ளைகளை எழுப்பி, மூக்கைப் பிடித்து, சூடான கறுப்புக் கோப்பியில் கலந்த விளக்கெண்ணெயை ஊற்றுவார்கள். எட்டு மணிக்கு லயத்தில் கலவரம். ஆறு கதவு, நாற்பது பிள்ளைகள். வயதில் மூத்தவன், பலசாலி, கிராணி மகன் என்ற வேறுபாடெல்லாம் அன்று ஒரு நாள் ஒழியும். மத்தியானம் ரசம் சோறு, சாயங்காலம் சோர்ந்த முகங்கள். டிரசர் தருகிற பூச்சி மருந்து தனிக் கணக்கு.

இப்போது பேதியை யாரும் மூக்கைப் பிடித்து ஊற்றுவதில்லை. நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். பெயர் 'டீடாக்ஸ்'. தாமானில் ஒரு வீட்டில் விருந்து என்று கூப்பிட்டார்கள். போனால், வடைக்குப் பிறகு வெள்ளைச் சுவரில் குடலின் படம் விழுந்தது. பெர்ரிப் பழ மணத்தோடு ஒரு பொடி, கூடவே மெலிவதற்கு ஒரு தேநீர். பொட்டலத்தின் பின்பக்கத்துப் பொடியெழுத்தை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தேன். பொடியில் இருந்தது இசப்கோல், குஜராத்தில் பயிராகிற ஒரு விதையின் உமி. தேநீரில் இருந்தது சென்னா, அதாவது நம்ம நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து அந்த ஊர்ப் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகிற இலை. கப்பலேறி வந்த பாட்டன் கூலியாக இறங்கினார். அவர் நாட்டு இலை இன்று தங்க நிறப் பெட்டியில் சீமாட்டியாக இறங்குகிறது. உமியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நிறையத் தண்ணீரோடு குடித்தால் அது உண்மையாகவே வேலை செய்யும். நிலாவாரை அப்படியல்ல. அது குடலைக் குத்தி எழுப்புகிற சரக்கு. என்றோ ஒருநாள் மலச்சிக்கலுக்குச் சரி. மாதக்கணக்கில் தினமும் குடிக்கிற தேநீர் அல்ல. குடலைக் கழுவிவிடுவதும் குடலுக்குச் சோறு போடுவதும் ஒன்றல்ல என்பதைப் பாட்டிமாரும் சொல்லவில்லை, அந்த விருந்து வீட்டிலும் சொல்லவில்லை.

புட்டியில் வருகிற ஆரோக்கியத்துக்கும் ஒரு நீண்ட வம்சாவளி உண்டு. பாரிஸின் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த மெச்னிகோவ், பல்கேரியக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பி, 1907இல் புத்தகமே எழுதினார். மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வந்தது, புளித்த பாலுக்காக அல்ல, நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக. அவர் நாள்தோறும் புளித்த பால் குடித்து 71 வயதில் காலமானார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930இல் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார். 1935இல் அது யாக்குல்ட் என்று கடைக்கு வந்தது. நம் நாட்டில் 1977 முதல் விட்டஜென் கிடைக்கிறது. சீனர் கடைக் குளிர்பெட்டியில் அந்தக் குட்டிப் புட்டிகளை நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறோம். எங்கள் வீட்டிலோ, மாடு வளர்த்த பக்கத்து லயத்துக்காரர் கொடுத்த மோர், பானை நிறைய, இனாமாக. அதைக் குடிக்கச் சொன்னால் ஓடுவோம். புட்டிக்கு ஏங்கினோம். அதில் உயிர் இருந்ததற்காக அல்ல, சீனி இருந்ததற்காக.

இப்படி எழுதிக்கொண்டே போனால், தோட்டத்து லயம் ஏதோ ஆரோக்கிய ஆசிரமம் போலத் தோன்றிவிடும். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் வயிற்றில் நல்ல பாக்டீரியாவோடு நீளமான பூச்சிகளும் இருந்தன. செருப்பில்லாத காலில் கொக்கிப்புழு ஏறி இரத்தத்தைக் குடித்தது. வெளுத்த முகத்தோடு பெண்கள் பால் வாளி சுமந்தார்கள். தேத்தண்ணீரில் ஊற்றிய டின் பாலில் பாலைவிடச் சீனியே அதிகம். புளித்ததெல்லாம் நல்லது என்றால், துரை அனுமதியோடு நடந்த கள்ளுக்கடையைத்தான் முதல் ஆரோக்கிய நிலையம் என்று சொல்ல வேண்டும். அங்கே போன பல குடல்கள் வீடு திரும்பின, சம்பளம் திரும்பவில்லை. கீரையும் பயறும் பழைய சோறும் எங்கள் தட்டுக்கு வந்தது முன்னோர் ஞானத்தால் அல்ல, கையில் காசு இல்லாததால். காசு வந்த அன்றே நாங்கள் செய்த முதல் காரியம் அவற்றை நிறுத்தியது. ஞானமாக இருந்திருந்தால் காசோடு சேர்ந்து அதுவும் தங்கியிருக்காதா?

தண்ணீரையும் மறக்க முடியாது. பழைய சோறு என்பதில் பாதி தண்ணீர். 2019இல் எங்கள் வட்டார ஆற்றில் குப்பைமேட்டின் கசிவுநீர் கலந்து அம்மோனியா ஏறியது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். லோரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். குடலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான உயிர்களைப் பேணுவது பற்றிக் கையேடு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், குழாயில் என்ன வருகிறது என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் அரிசி களைந்தோம். ஆகவே அண்ணன் மகள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றியதில் நான் குறை காணவில்லை. அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "சோறு ஆறின உடனே தண்ணி ஊத்திடும்மா. சட்டியில அப்படியே வெதுவெதுன்னு கெடந்தா வேற பூச்சி வந்துடும்." வெக்கையில் கிடக்கும் சோற்றில் பெருகுகிற ஒருவகை பாக்டீரியா உமிழும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அவளும் செல்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா சொல்றது சரிதான், பேசிலஸ் சீரியஸ்" என்றாள். எங்கள் பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. 'ஊசிப்போச்சு' என்று மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவார்.

அண்ணன் மகள் கேட்டபடி தோசை மாவையும் ஆராய்ந்தோம். மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான். ஆனால் கல்லில் ஊற்றியதும் அவை செத்துப்போகும். தெம்பேயும் அப்படித்தான். உயிரோடு உள்ளே போகிறவை மோரும் தயிரும் நீராகாரமும். அப்படிப் போனவையும் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, பெரும்பாலும் வந்து போகிற விருந்தாளிகள்தான். ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்கு வேண்டியது நார்ச்சத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்றது. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூடத் தேறாது. அதே எடை அவித்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல். புட்டியும் காப்ஸ்யூலும் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வருவதில்லை.

இந்தக் கணக்கை எல்லாம் அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. கிளினிக்கில் உணவியல் அதிகாரி ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துக்கொண்டு 'சுக்கு சுக்கு செபாரோ' விளக்கினார். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பயறோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "பாதித் தட்டு கீரைன்னா, மறுபடியும் மாசக் கடைசிதான்னு சொல்றாங்க."

அவர் சொல்வதும் நியாயம்தான். முப்பது வருடம் வேறு வழியில்லாமல் தின்ற ஒன்றை, மருந்து என்று பெயர் மாற்றி மறுபடி தட்டில் வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? பேத்தியின் ஜாடியை அவர் தொடவே இல்லை. வெள்ளை ரொட்டியில் கயா தடவி, மைலோவில் நனைத்துச் சாப்பிடுகிறார். அன்று பட்டணத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த அதே ரொட்டி. மலச்சிக்கலும் கூடவே இருக்கிறது. பேத்திக்கோ அந்த ஜாடியில் வறுமை தெரிவதில்லை, படம்தான் தெரிகிறது. இருவருக்கும் நடுவில் நான் முருங்கை தேடிக்கொண்டிருக்கிறேன்.

வழி எதிர்பாராத பக்கத்திலிருந்து கிடைத்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுகிற நாட்களில், அப்பா சில காசுகளை எடுத்துக் கச்சாங் பூத்தேக்காரரிடம் அவித்த கடலை வாங்கித் தருவார். காகிதச் சுருளில் சூடாக, தேங்காய்ப்பூவும் மிளகாயும் தூவியது. அம்மாவின் கணக்கில் அது கஞ்சியோடு சேர்ந்ததல்ல, கொண்டாட்டத்தோடு சேர்ந்தது. இப்போது சாயங்காலம் நான்கு மணிக்குத் தொலைக்காட்சியில் பழைய படம் போட்டு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் பக்கத்தில் வைக்கிறோம். உப்பு குறைவு. ஆனாலும் கிண்ணம் காலியாகிவிடுகிறது. ரொட்டியை விடச் சொல்லவில்லை, கீரையைத் திணிக்கவில்லை. தண்ணீர் மட்டும் கூடக் குடிக்கச் சொல்கிறோம். விளக்கெண்ணெய்ப் புட்டி வாங்கக் கடைப் பக்கமே போகவில்லை.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவிடம் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். அந்தச் சுண்டலில் நார்ச்சத்து இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றோடு நிறுத்திவிடுவார்.